குலுக்கியபின் ஊற்றவும்

முப்பத்தொரு வருடம் பால் ஓட்டினேன்.
லாப்புவாவின் பண்ணைகளிலிருந்து செய்னாயோகி வரை
பதினெட்டாயிரம் லிட்டர், முதுகில்.
அரைத்தொட்டிப் பாலுக்கு பிரேக் தெரியாது.
வண்டி நின்ற பிறகும் அது போய்க்கொண்டிருக்கும்,
பின்னாலிருந்து ஒரு மாடு முட்டுவதுபோல.
ஆகவே குலுங்காமல் ஓட்டக் கற்றேன்.
பனியில், கரைந்த பனியின் சேற்றில்,
மூஸ் மான் குறுக்கே நின்று
என்னை யோசித்துப் பார்த்த விடியலில்கூட.

ஏப்ரலில் என் நெஞ்சு குலுங்கியது.

உணவியல் நிபுணர் நூரா
ஒரு தட்டை வரைந்தாள்.
பாதிக்குக் காய்கறி. காலுக்கு ரை ரொட்டி.
மீதிக் காலில் மீன், பட்டாணி.
தட்டுக்கு வெளியே ஒரு கிளாஸ்.
"இதில் தினம் எவ்வளவு?"
ஒரு லிட்டர் என்றேன்.
பேனா நின்றது.
"முழுக்கொழுப்பா?"
வேறெது, மற்றதெல்லாம் தண்ணீர்தானே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. என் ரத்தப் பரிசோதனையும்.

"கிளாஸை எடுக்க வேண்டாம்,
உள்ளே இருப்பதை மாற்றலாம்."
வயிற்றில் பால் வார்த்தாள்.
எந்தப் பால் என்பதைக்
கடையில் நீங்களே படியுங்கள் என்றாள்.

படித்தேன்.
வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்று
போன வருடம்வரை நானே கத்தியிருப்பேன்,
இதே அலமாரியின் முன், ஹில்க்கா வெட்கப்படும்படி.
இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

பாதாம் பாலில் பாதாம் இரண்டு சதம்,
மீதி ஒரு நல்லெண்ணம்.
அரிசி, பண்டிகைபோல் இனித்தது.
தேங்காய், வெண்ணெயின் தூரத்துச் சொந்தம்.
சோயாவில் புரதம் மூன்று,
கிட்டத்தட்ட நம் மாட்டின் கணக்கு.
ஓட்ஸில் ஒன்றுதான்.
ஆனால் கொழுப்பைக் கையோடு கூட்டிப்போகும்
ஏதோ பசை இருக்கிறதாம்.
சர்க்கரை சேர்க்காதது, சுண்ணாம்புச்சத்து சேர்த்தது:
பெட்ரோல் ரசீதின் பின்னால்
நூராவின் கையெழுத்து.

சோயா ஒன்று, ஓட்ஸ் ஒன்று எடுத்துத் திரும்பினால்
ஓஸ்மோ.
என் பாதையில் பதினான்காவது நிறுத்தம்.
நாற்பத்திரண்டு மாடுகள், கடிக்காத நாய்.
மாடுகளை விற்று ஆறு வருடமாகிறது,
அந்த நிலத்தில் இப்போது ஓட்ஸ்.
அவன் கூடையில்
நான்கு லிட்டர் மாட்டுப்பால்.
என் கையைப் பார்த்தான்.
அவன் கூடையைப் பார்த்தேன்.
"இதில் உன் ஓட்ஸ் இருக்குமா?"
"இருக்கலாம். அளந்து கொடுத்தேன், போய்விட்டது."
"உன் பாலும் அப்படித்தானே போனது."
"அதை நீதானே கொண்டுபோனாய்."
பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
எங்கள் ஊரில் இதற்குப் பெயர் அரட்டை.

வீட்டில் காப்பியில் ஊற்றினேன். திரிந்தது.
சாம்பல் மேகம்போல் சில்லு சில்லாக.
குடித்தேன், காசு கொடுத்ததாயிற்றே.
ஹில்க்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.
"சோயாவைக் கஞ்சிக்கு வை, காப்பிக்கு ஓட்ஸை."
சனிக்கிழமை மட்டும்
ஒரு சின்னக் கிளாஸ் பழைய பால்.
அதுவும் ரசீதில் இருக்கிறது,
கேட்டு வாங்கிய வரி.

"இதைப் படித்தாயா?" என்றாள்.
பெட்டியின் ஓரத்தில், எறும்பு எழுத்தில்:
சத்து அடியில் தங்கும், நன்றாகக் குலுக்கவும்.

பெட்டி கையில் இருந்தது.
கை அசையவில்லை.
முப்பத்தொரு வருடம் அதற்கு ஒரே பாடம்.
ஹில்க்கா காத்திருந்தாள்,
கடிகாரம் காத்திருந்தது,
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

மெதுவாக ஒருமுறை.
கௌஹாவா வளைவில் திரும்புவதுபோல.
அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு,
பள்ளத்தில் விட்டதுபோல.